ரயில் வராத ஸ்டேஷனுக்கு என்ன ஆகிறது?

மூணாறு போய்விட்டு வந்தவர்களிடம் டாப் ஸ்டேஷன் பற்றிக் கேட்டால் மேகம் பார்த்த கதை வரும், ஜீப்காரர் அநியாயக் காசு கேட்ட கதை வரும். அங்கே ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பஸ் நிற்கும் இடத்தைச் சொல்வார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மூணாறு தேயிலையைக் கீழே அனுப்ப 1902ல் ஒரு மோனோரயில் போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி, சாய்ந்துவிடாமல் பக்கத்தில் தரையில் உருளும் பெரிய சக்கரம், இழுக்க மாடுகள். 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல நேரோகேஜ் பாதை போட்டு இஞ்சின் ஓட்டினார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகளை மலை விளிம்பில் இறக்கி, ரோப்வேயில் தொங்கவிட்டு, போடி பக்கத்து அடிவாரத்துக்கு அனுப்புவார்கள். ரயிலிலிருந்து ரோப்வேக்குச் சரக்கு கைமாறிய அந்த விளிம்புதான் டாப் ஸ்டேஷன். அடிவாரத்தில் பாட்டம் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன்.

1924 ஜூலையில் மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் வருட வெள்ளம்’ என்று சொல்லும் மழை வந்தது (அது கொல்லம் ஆண்டு 1099). பாதையை அடித்துக்கொண்டு போனது, பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது. மிஞ்சியது ஒரு கட்டடம், ஒரு பெயர், மலைச் சரிவில் ரயில் ஓடிய தடத்தின் சில துண்டுகள்.

உலகத்தில் எங்கே ரயில் நின்றாலும் மிஞ்சுவது ஏறக்குறைய இந்த மூன்றுதான். போட்டோ எடுக்கிறவர்கள் கட்டடத்தைத் தேடிப் போகிறார்கள். என் கண் எப்போதும் அந்தத் தடத்தின் மேல்தான். ஏன் என்று சொல்ல, ஸ்டேஷன் என்றால் என்ன என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

ஸ்டேஷன் எதற்கு?

நமக்கு ஸ்டேஷன் என்றால் டிக்கெட் கவுன்ட்டர், பெஞ்சு, டீ. ரயில்வேக்காரர்களுக்கு அது முதலில் ஒரு காவல் சாவடி. போகவும் வரவும் ஒரே பாதை இருக்கும் இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் எங்காவது ஒன்று ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்குவதற்குப் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் வேண்டும், அதுதான் லூப் லைன். எது ஒதுங்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவு சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவர்தான் ஸ்டேஷன் மாஸ்டர்.

அந்தக் காலத்தில் இது நடந்த விதம் அழகானது. ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனோடு பேசி, பாதை காலியாக இருக்கிறது என்று உறுதி வாங்கி, சிவப்புப் பெட்டி மாதிரி இருக்கும் கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்தை எடுப்பார். பால் டோக்கன் என்பது அதுதான். அந்தப் பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு பந்துதான் வெளியே வரும்படி இரண்டு பக்கத்துக் கருவிகளும் மின்கம்பியால் பூட்டப்பட்டிருக்கும். அதனால் ஒரே பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே மாட்டிக்கொள்ளாது. நிற்காமல் போகும் வண்டிக்கு டோக்கனைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, பிளாட்பார ஓரத்தில் நின்று நீட்டுவார்கள். இஞ்சினிலிருந்து ஒருவர் கையை விட்டு வளையத்தைக் கொத்திக்கொண்டு போவார்.

இரண்டாவது வேலை தண்ணீர். நீராவி இஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டும். பழைய ஸ்டேஷன்களில் கட்டடத்தைவிட உசரமாகத் தண்ணீர்த் தொட்டி நிற்பது அதனால்தான்.

டிக்கெட் விற்பது இதற்கெல்லாம் அப்புறம் வருகிற வேலை. லூப் லைனும் சிக்னலும் இல்லாமல், வண்டி நின்று ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிற இடங்கள் இருக்கின்றன. அதற்கு ஹால்ட் என்று பெயர். பல ஹால்ட்டுகளில் ரயில்வே ஊழியர் ஒருவர்கூட இருக்க மாட்டார். உள்ளூர்க்காரர் ஒருவர் கமிஷனுக்கு டிக்கெட் விற்பார், வண்டி போனதும் வயலுக்குப் போய்விடுவார்.

இது புரிந்துவிட்டால் ஒரு புதிர் அவிழும். ஊரில் ஜனம் கூடிக்கொண்டே போகிறது, ஸ்டேஷன் மட்டும் ஏன் செத்துப்போனது என்று பலர் கேட்கிறார்கள். ஸ்டேஷன் அங்கே வந்ததே ஊருக்காக இல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு வண்டி ஒதுங்கவும் ஓர் இஞ்சின் தண்ணீர் குடிக்கவும் அந்தத் தூரத்தில் ஓர் இடம் தேவைப்பட்டது, பக்கத்தில் ஓர் ஊர் இருந்தது, பெயர் கிடைத்தது. டீசல் வந்து தண்ணீர் வேலை போனது. சிக்னல் முறை மாறி, வண்டி வேகமாகி, பத்து கிலோமீட்டருக்கு ஓர் ஒதுங்குமிடம் என்ற கணக்கும் போனது.

அகலம் மாறியபோது

தமிழ்நாட்டில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மீட்டர்கேஜ் ஓடிய பாதைகளுக்குப் போக வேண்டும். மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர். நாடு முழுக்க ஒரே அகலம் என்று ரயில்வே 1992ல் முடிவெடுத்த பின், தெற்கே ஒவ்வொரு பாதையாக மூடி, பிரித்து, அகலமாக்கித் திறந்தார்கள். மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவே ஓடிய காலம் சில இடங்களில் பயங்கரம். மதுரை–போடி பாதை 2010 கடைசியில் நின்றது. போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். அன்றைக்குப் பிறந்த பிள்ளை ரயிலைப் பார்க்காமலே ஆறாம் வகுப்பு முடித்திருக்கும்.

பாதை திரும்பி வந்தபோது எல்லா ஸ்டேஷனும் திரும்பி வரவில்லை. சில ஸ்டேஷன்கள் ஹால்ட்டாகச் சுருங்கின, சிலவற்றில் வண்டியே நிற்பதில்லை.

அப்படி ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும். ஊர்ப் பெயர் வேண்டாம், போட்டோ எடுக்கக் கூட்டம் சேர்ந்துவிடும். நாட்டு ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். முதல் தடவை போனபோது கட்டடம் பூமிக்குள் இறங்கிவிட்டதோ என்று தோன்றியது. கட்டடம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, எதிரே பாதைதான் உசந்துவிட்டது. மீட்டர்கேஜ் காலத்துப் பிளாட்பாரம் தரையோடு தரை. இப்போதைய உயர பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர். பழைய கட்டடத்தை மாற்றாமல் பக்கத்தில் புதிதாக ஜல்லி கொட்டி மண் போட்டு உயர்த்தினால், பழையது பள்ளத்தில் நிற்கும். மழைத்தண்ணீர் உள்ளே போகும்.

சுவரில் டிக்கெட் கொடுக்கும் அரைவட்ட ஓட்டை இருந்தது. அதன் கீழே இருந்த கல்விளிம்பு நடுவில் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று குழிந்திருந்தது. அட்டை டிக்கெட்டும் சில்லறையும் தள்ளித் தள்ளி வந்த குழிவு. எத்தனை வருஷத்துக் கைகள்! நான் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்க வந்த பெரியவர், “என்ன தம்பி, டிக்கெட் வேணுமா?” என்றார். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் வேலை பார்த்தவர். வெளியே தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி என்றும், வண்டி பக்கத்து ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் அதில் அடிப்பார்கள் என்றும் அவர்தான் சொன்னார். “அந்தத் துண்டு எங்கேங்கய்யா?” “ஆட்டுப் பட்டிக்கு ஊண்டிக்கிட்டேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

மற்ற சாவுகள்

நஷ்டம் என்று கணக்குப் போட்டு மூடுவது இன்னொரு வகை. இதில் பிரிட்டனை யாரும் மிஞ்சவில்லை. அங்கே 1963ல் வந்த பீச்சிங் அறிக்கை ஒரே மூச்சில் 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடச் சொன்னது. எல்லாம் மூடப்படவில்லை, ஆனால் பெரும்பகுதி மூடப்பட்டது. அறிக்கையின் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது என்பது என் எண்ணம். கிளைப் பாதையில் டிக்கெட் விற்ற வருமானம் குறைவு என்று கிளையை வெட்டினார்கள். அந்தக் கிளையில் ஏறியவர்கள்தான் பெரிய பாதையிலும் பயணம் செய்தவர்கள். கிளை போனதும் அவர்கள் ஸ்டேஷன் வரை கார் ஓட்டிப் போகவில்லை, நேரே ஊருக்கே கார் ஓட்டிப் போனார்கள்.

பிரிட்டனில் இன்னொரு கூத்தும் உண்டு. அங்கே ஒரு பாதையைச் சட்டப்படி மூட வேண்டுமானால் அறிவிப்பு, ஆட்சேபணை, விசாரணை என்று நீண்ட நடைமுறை. அதற்குப் பயந்து, வாரத்துக்கு ஒரு வண்டி மட்டும் விட்டு, மூடாமல் மூடிவைத்த ஸ்டேஷன்கள் இருக்கின்றன. பார்லிமென்ட்ரி டிரெயின் என்று கேலியாகச் சொல்வார்கள்.

தன்மேல் தூசு படாமல் சாகும் ஸ்டேஷனும் உண்டு. ஸ்பெயின் – பிரான்ஸ் எல்லையில் பிரனீஸ் மலைக்குள் இருக்கும் கான்ஃப்ராங்க் அப்படி. 1928ல் திறந்தபோது கட்டடத்தின் நீளம் மட்டும் 240 மீட்டர். ஸ்பெயின் தண்டவாளம் அகலம் கூடியது, பிரான்ஸ் தண்டவாளம் குறைந்தது. எனவே ஆளும் சரக்கும் அங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். அதற்குத்தான் மலைக்குள் அவ்வளவு பெரிய மாளிகை. 1970 மார்ச்சில் பிரான்ஸ் பக்கம் ஒரு சரக்கு வண்டி தடம்புரண்டு ஒரு பாலம் விழுந்தது. பிரான்ஸ் அதைத் திரும்பக் கட்டவில்லை. ஸ்டேஷனில் ஓர் ஓடுகூடப் பெயரவில்லை, ஆனால் வண்டி மாற வேண்டியவர்கள் வருவது நின்றுபோனது.

நம் பக்கத்துக் கான்ஃப்ராங்க் தனுஷ்கோடி. 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போனார். முழுவதற்கும் ஒரே டிக்கெட். போட் மெயில் என்று ஊரே சொன்னது. இந்தப் பக்கம் மீட்டர்கேஜ், இலங்கைப் பக்கம் பிராட்கேஜ், நடுவில் கடல். கப்பலுக்கும் ரயிலுக்கும் இடையில் மனிதர்களையும் மூட்டைகளையும் மாற்றிவிடும் வேலையைச் சுற்றித்தான் சுங்கம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், சர்ச் என்று அந்த மணல்திட்டில் ஓர் ஊர் வளர்ந்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியைத் தொடும் நேரத்தில் கடல் அதை எடுத்துக்கொண்டது. வண்டியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை. ஊரும் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

புயல்தான் ஸ்டேஷனைக் கொன்றது என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் ஒரு உறுத்தல். அதே புயல் பாம்பன் பாலத்தையும் உடைத்தது. அதை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் நிமிர்த்திவிட்டார்கள், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவர். ராமேஸ்வரத்துக்குப் பாலம் வேண்டும், எனவே பாலம் எழுந்தது. கப்பலை ராமேஸ்வரத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்று ஆனதும் தனுஷ்கோடிப் பாதைக்கு வேலை இல்லாமல் போனது. இடித்தது கடல்தான். கட்டாமல் விட்டதற்குக் காரணம் வேறு. 2019ல் அந்தப் பாதையைத் திரும்பப் போட அடிக்கல்கூட நாட்டினார்கள், பாதை வரவில்லை. 2017ல் வந்த தார்ச்சாலையில் இப்போது வேன்கள் அரிச்சல்முனை வரை போகின்றன. வழியில் ஸ்டேஷன் சுவர்களுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே சங்குமாலைக் கடைகள்.

பிரிக்கும் வரிசை

ரயில் நின்ற பின் ஒரு ஸ்டேஷன் கலைவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. விலை எதற்கு அதிகமோ அது முதலில் போகும்.

முதலில் தண்டவாளம். பழைய மீட்டர்கேஜ் தண்டவாளம் ஒரு மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. ஒரு கிலோமீட்டர் பாதைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 60 டன் இரும்பு. அதை யார் விட்டுவைப்பார்கள்? நல்ல நிலையில் இருப்பதைச் சரக்கு சைடிங் மாதிரி மெதுவாக வண்டி ஓடும் இடங்களுக்குக் கொண்டுபோவார்கள், மீதி ஸ்கிராப் ஏலத்துக்கு. ஏலத்துக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிட்ட துண்டுகளும் உண்டு. கரண்டுக் கம்பமாகவும் கேட் தூணாகவும் வேலிக்காலாகவும் தண்டவாளம் நிற்பதை எங்கும் பார்க்கலாம். அடுத்தது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டை. தேக்கும் சால் மரமும் இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்து இரும்பாகியிருக்கும். கதவு நிலையாகவும் கட்டிலாகவும் மாறிப்போகும். பிறகு சிக்னல், லீவர், மணி, கடிகாரம். இவற்றில் அழகானவை ரயில்வே மியூசியத்துக்கு, அதைவிட அழகானவை எங்கே என்று கேட்கக் கூடாது.

போரில் இந்த வரிசை மாறும். இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் போன யாழ்தேவி ரயில் 1990ல் நின்ற பின், வடக்குப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. ஏலம் எடுக்க அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

கட்டடம் கடைசியில்தான் விழும், பெரும்பாலும் அதை யாரும் இடிப்பதுகூட இல்லை. ஓடும் உத்தரமும் கதவும் போன பின் மழை பார்த்துக்கொள்ளும். சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தால் இருபது வருஷத்தில் கணக்கு முடிந்தது. பெயர்ப் பலகை மட்டும் பிடிவாதமாக நிற்கும். சிமென்டுப் பலகை, மஞ்சளில் கறுப்பு எழுத்து, கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்ற எண். அதை யாராலும் விற்க முடியாது, தூக்கவும் முடியாது.

எல்லாம் போன பின் மிஞ்சுவது நிலம். ஒரு நாடா மாதிரி, ஊர் ஊராக அறுபடாமல் போகும் நிலம். நான் முதலில் சொன்ன தடம் இதுதான்.

நாடா அறுந்தால்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு ஒரு கிளைப் பாதை ஓடியது, சுமார் 14 கிலோமீட்டர். 1970களில் அது நின்றது. தண்டவாளம் போனது, ஸ்டேஷன் போனது, நிலம் மிஞ்சியது. 2011 செப்டம்பரில் பிராட்கேஜாக அதே ஊருக்கு ரயில் திரும்பி வந்தது, இன்றைக்கு மன்னார்குடியில் ஏறிச் சென்னையில் இறங்கலாம்.

இப்போது தர்மபுரியைப் பாருங்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906ல் நேரோகேஜ் பாதை போட்டார்கள், பிறகு ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடினார்கள். சேலம்–பெங்களூர் பாதை வந்து தர்மபுரிக்கு வேறு வழியாக ரயில் கிடைத்தது. ஆனாலும் மொரப்பூர் இணைப்பு இருந்தால் சென்னைக்கு நேரே போகலாம் என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். தூரம் வெறும் 36 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. பழைய தடத்தின் மேல் ஊர் வளர்ந்துவிட்டது, நிலம் எடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது. கிருஷ்ணகிரிக்கு இன்னும் மோசம். திருப்பத்தூரிலிருந்து அங்கே ஓடிய நேரோகேஜும் சுதந்திரத்துக்கு முன்பே போனது, மாவட்டத் தலைநகரான பிறகும் அந்த ஊருக்கு ரயில் இல்லை.

பாதையில் நூறு மீட்டரை யாரோ வீடாக்கிவிட்டால் மீதி 35.9 கிலோமீட்டரும் வெறும் நிலம்தான். ரயிலால் பஸ் மாதிரி தெரு சுற்றிப் போக முடியாது. வளைவு பெரிதாக வேண்டும், ஏற்றம் மெதுவாக வேண்டும். அப்படி ஒரு கோட்டை நூறு வருஷத்துக்கு முன் நிலம் மலிவாக இருந்தபோது வாங்கிவைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதைத் திரும்ப வாங்க முடியுமா என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் 1969ல் மூடிய வேவர்லி பாதையை 2015ல் மீட்டபோது இதைத்தான் அனுபவித்தார்கள். 158 கிலோமீட்டரில் வடக்கே சுமார் 50 கிலோமீட்டர்தான் திரும்ப வந்தது, அதற்கே கிட்டத்தட்ட 30 கோடி பவுண்டு செலவு. எடின்பரோ புறவழிச் சாலை பழைய தடத்தின் குறுக்கே வந்துவிட்டதால் அதற்குக் கீழே புதிதாகப் பாதை குடைய வேண்டியிருந்தது.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். 1983ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். மூடிய பாதையைத் துண்டு துண்டாக விற்காமல் நடைபாதையாக, சைக்கிள் பாதையாகப் பயன்படுத்தலாம், என்றைக்காவது ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரயில்பேங்கிங் என்பார்கள். நிலத்தை வங்கியில் போட்டுவைப்பது மாதிரி.

சிங்கப்பூர் கதை இதில் தனி ரகம், நம்மவர்களில் பலர் நேரில் கண்டதும்கூட. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் 1932ல் திறந்தது. சிங்கப்பூரின் நடுவில் இருந்தாலும் அந்த நிலமும் பாதையும் மலேசிய ரயில்வேயின் கையில். 1998க்குப் பிறகு அங்கே நடந்தது வேடிக்கையானது: மலேசியக் குடிநுழைவு தஞ்சோங் பகாரிலேயே முடிந்துவிடும், சிங்கப்பூரின் சோதனை எல்லையருகே உட்லண்ட்ஸில். அதாவது சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே நீங்கள் மலேசியாவுக்குள் நுழைந்தவர். இரண்டு நாடுகளும் வருஷக்கணக்காகப் பேசி, 2010ல் நிலத்துக்கு நிலம் என்று முடித்துக்கொண்டன. 2011 ஜூன் 30 இரவு கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார்.

அதற்கடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். தண்டவாளம் மலேசியாவுக்குத் திரும்பிப் போனது. 24 கிலோமீட்டர் நிலத்தைத் துண்டு போடாமல், வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரே பசுமைப் பாதையாக வைத்துக்கொண்டார்கள். சதுர அடிக்கு உயிரை விடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. வழியில் புக்கித் தீமா என்று ஒரு குட்டி ஸ்டேஷன். கடைசி நாள் வரை அங்கே நான் மேலே சொன்ன டோக்கன் வளையத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதை அப்படியே வைத்துக் காட்சிக்கூடமாக்கியிருக்கிறார்கள், முன்னால் கொஞ்சம் தண்டவாளமும் இருக்கிறது.

அதிர்ஷ்டக்காரர்கள்

கட்டடத்துக்கு நல்ல காலம் வந்த கதைகளைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஓர்சே ஸ்டேஷன், வண்டிகள் நீளமாகிவிட்டதால் 1939லேயே தூர வண்டிகளுக்கு உதவாமல் போனது. பிளாட்பாரம் குட்டை. இடித்து ஓட்டல் கட்ட இருந்தார்கள். கடைசி நேரத்தில் தப்பி, 1986 டிசம்பரில் ஓவிய அருங்காட்சியகமாகத் திறந்தது. அந்தப் பெரிய கடிகாரம் அங்கேயே இருக்கிறது, கீழே நகர ரயிலும் இன்னும் ஓடுகிறது. கான்ஃப்ராங்க் மாளிகை 2023ல் நட்சத்திர ஓட்டலானது. டெட்ராய்டில் 1988ல் கடைசி வண்டி போன 18 மாடி மிச்சிகன் சென்ட்ரலை 2018ல் ஃபோர்டு வாங்கி, 2024ல் திறந்தது.

மூன்றுமே கொள்ளை அழகு. ஆனால் இவை பிழைத்தது பிரம்மாண்டத்தால். நாட்டு ஓடும் அரைவட்ட ஓட்டையும் கொண்ட ஒரு ஸ்டேஷனுக்கு எந்தக் கார்க் கம்பெனியும் வராது.

பேய் வரும், அது வேறு விஷயம். மேற்கு வங்கத்தில் பேகுன்கோதர் என்ற ஸ்டேஷன் 1967ல் பேய்ப் பயத்தால் மூடப்பட்டதாக ஒரு கதை, 2009ல் ஹால்ட்டாகத் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் ரயில் வேண்டும் என்று கேட்டு வாங்கியதைப் பற்றி யூடியூபில் யாரும் வீடியோ போடுவதில்லை. பேயை வைத்து ஆயிரம் இருக்கிறது.

கடைசியாகத் தனுஷ்கோடியின் எதிர்க்கரைக்கு ஒரு நடை போய்விடலாம். தலைமன்னார் துறையில் 1990ல் ரயில் நின்றது. இருபது வருஷம் தண்டவாளமே இல்லாமல் கிடந்த பாதையைப் புதிதாகப் போட்டு, 2015 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். கொழும்பிலிருந்து வரும் வண்டி இப்போதும் கடைசி ஸ்டேஷன் வரை வந்து நிற்கிறது. பக்கத்தில் கலங்கரை விளக்கம், துருப்பிடித்த பழைய இறங்குதுறை. ஆட்கள் இறங்கிக் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்கிறார்கள். ராமேஸ்வரத்துக்குக் கப்பல் இல்லை.